விவாதத்துக்கு மதிப்பெண் வந்த கதை

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இணையவழியாகத் தரவுத்தளப் பாடம் படிப்பவருக்கு வாரந்தோறும் ஒரு கடமை காத்திருக்கும். ஆசிரியர் ஒரு கேள்வி இடுவார். வாரத்தின் நடுவுக்குள் மாணவர் தன் பங்குக்கு ஒரு பதிவு எழுத வேண்டும். வாரம் முடிவதற்குள் சக மாணவர் இருவரின் பதிவுகளுக்கு மறுமொழி எழுத வேண்டும். இத்தனை சொற்களுக்குக் குறையக் கூடாது, ஒரு மேற்கோளாவது வேண்டும் என்று நிபந்தனைகளும் இருக்கும். மொத்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். கெடு நாள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 'ஒரு பதிவு, இரண்டு மறுமொழி' என்ற கணக்கு அநேகமாக மாறாது. இணையக் கல்வி பிறந்தபோதே இதுவும் கூடப் பிறந்தது போல இன்று தோன்றுகிறது. உண்மை அப்படி இல்லை. மாணவர்கள் கணினி வழியே பேசிக்கொள்ளத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தப் பேச்சு எதற்காகத் தோன்றியதோ அந்தத் தேவையிலிருந்து இந்தக் கணக்கு வரவில்லை. பேச்சு பதிவாகியது, பதிவானதால் அதை எண்ண முடிந்தது, எண்ண முடிந்ததால் அது வருகைப் பதிவேட்டின் வேலையைச் செய்யத் தொடங்கியது. இதனால் என்ன நட்டம் என்பதை மற்றப் பாடங்களைவிட, நம் பொறியியல் மாணவர்கள் டி.பி.எம்.எஸ். என்று சொல்லும் இந்தப் பாடத்தில்தான் துலக்கமாகப் பார்க்க முடியும். அதற்குக் காரணம் அந்தப் பாடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு முன் கதையின் தொடக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் டொனால்ட் பிட்சர் 1960இல் பிளேட்டோ என்ற கணினிக் கல்வி அமைப்பைத் தொடங்கினார். மாணவர் திரை முன் தனியே உட்காருவார், கணினி பாடம் காட்டிக் கேள்வி கேட்கும், மாணவர் பதில் தருவார். திட்டம் இவ்வளவுதான். ஒரு மாணவர் இன்னொருவரிடம் பேசுவதற்கு அதில் இடமே இல்லை. ஆனால் அமைப்பு பெரிதாகப் பெரிதாகப் பிழைகளும் பெருகின. பிழை கண்டவர்கள் எழுதி வைக்க ஒரு பொதுக் கோப்பு இருந்தது. அதில் யாரும் எழுதலாம், பிறர் எழுதியதை யாரும் அழிக்கலாம், எழுதியவர் இன்னார்தான் என்பதற்கு உறுதியும் கிடையாது. 1973இல் அதைச் சீர்செய்யும் வேலை டேவிட் வூலி என்ற 17 வயது மாணவரிடம் வந்தது. அவர் எழுதிய 'நோட்ஸ்' என்ற நிரல், ஒவ்வொரு குறிப்புக்கும் எண், தேதி, நேரம், எழுதியவர் அடையாளம் எல்லாவற்றையும் தானே சேர்த்துக்கொண்டது. மறுமொழிகளை அந்தந்தக் குறிப்பின் கீழேயே வரிசையாக அடுக்கியது. ஒருவர் எழுத்தில் இன்னொருவர் கை வைக்க முடியாதபடி காத்தது. பிழை சொல்ல வந்தவர்கள் உதவி கேட்டார்கள், உதவி கேட்டவர்கள் உலக விஷயங்களைப் பேசினார்கள். 1976இல் குழுக்கள் தங்களுக்கென்று தனி ஏடு திறந்துகொள்ளும் வசதியும் வந்துவிட்டது. அங்கே மாணவராக இருந்த ரே ஓஸி, பிற்காலத்தில் அலுவலகங்களில் பரவிய லோட்டஸ் நோட்ஸை உருவாக்கினார். பெயரிலேயே வழி தெரிகிறது. இந்தத் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது, விவாதத்தைக் கல்வியாளர் எவரும் திட்டமிடவில்லை என்பது. வேலை நடுவில் சிக்கிக்கொண்டவர்களுக்கு அது தேவைப்பட்டது. கேட்டதும் சொன்னதும் அழியாமல் நிற்க வேண்டும், அடுத்து வருபவர் கேட்காமலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் பதிவு. யார் எத்தனை முறை எழுதினார் என்று பார்ப்பதற்காக அல்ல.

வகுப்பறையின் பேச்சையே கணினிக்குள் கொண்டுபோக முடியுமா என்று திட்டமிட்டுச் சோதித்தவர்கள் அடுத்து வருகிறார்கள். நியூ ஜெர்சி தொழில்நுட்ப நிறுவனத்தில் முர்ரே டுரோஃப் 1976இல் ஐஸ் என்று அழைக்கப்பட்ட கணினிக் கருத்தரங்க அமைப்பை நிறுவினார். சமூகவியலாளரான ஸ்டார் ராக்சேன் ஹில்ட்ஸ் அதன் மேல் 1980களில் 'மெய்நிகர் வகுப்பறை' ஒன்றைக் கட்டினார். ஒரே பாடத்தைச் சிலருக்கு நேரிலும் சிலருக்குக் கணினி வழியிலும் நடத்தி ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்வு மதிப்பெண்ணில் இருசாராருக்கும் பொதுவாகப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. முக்கியமான பேறு வேறிடத்தில் இருந்தது: நேர் வகுப்பில் கை தூக்கும் நாலைந்து பேருக்கு மட்டும் கிடைக்கும் பேச்சு நேரம் இங்கே எல்லோருக்கும் கிடைத்தது, யோசித்து, எழுதி, அடித்துத் திருத்திப் பேச முடிந்தது. இதே காலத்தில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இன்னும் பெரிய சோதனையில் இறங்கியது. 1988இல் தகவல் தொழில்நுட்பம் பற்றிய அறிமுகப் பாடம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைநிலை மாணவர்களுக்கு, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான கோசி என்ற கருத்தரங்க மென்பொருளைக் கொடுத்தது. வீட்டுத் தொலைபேசியில் மோடம் மாட்டி, அழைப்புக் கட்டணத்தைத் தாங்களே கட்டிப் பேச வேண்டும். அந்தப் பாடத்தை ஆராய்ந்த ராபின் மேசன் கண்டது இது: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எழுதினார்கள், ஒரு பங்கினர் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பங்கினர் எட்டியே பார்க்கவில்லை. இந்த மூன்று பங்குக் கணக்கைப் பின்னால் வந்த ஆசிரியர்கள் பலர் வேறு வேறு பாடங்களில் ஏறக்குறைய இதே அளவில் சந்தித்தார்கள். அந்த நடுப் பங்கை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் பிற்காலச் சச்சரவுகள் எல்லாம் கிளைத்தன.

இனிப் பாடத்துக்கு வருவோம். டி.பி.எம்.எஸ். உண்மையில் இரண்டு பாடங்களை ஒன்றாகத் தைத்தது. ஒரு பாதி வினவல்: தரவு இருக்கிறது, கேள்வி இருக்கிறது, வினவல் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் அதற்குரிய வரியை எழுத வேண்டும். விடை சரியா தவறா என்பதை இயந்திரமே சொல்லிவிடும். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. மறு பாதி வடிவமைப்பு: உலகத்தில் நடப்பதை எத்தனை அட்டவணைகளாகப் பிரிப்பது, எதை எதோடு இணைப்பது, ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் திறவுகோலாக எதை வைப்பது. இங்கே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. தவறான வடிவமைப்பும் நன்றாகவே ஓடும். மூன்று வருடம் கழித்துத்தான் கழுத்தை நெரிக்கும். முதல் பாதிக்கு ஒரு திருத்தும் நிரல் போதும். இரண்டாம் பாதிக்கு எதிர்வாதம் செய்ய ஆள் வேண்டும்.

'தரவுத்தளம் அறிவியல் பாடம். அதில் விவாதிக்க என்ன இருக்கிறது' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் துறையே ஒரு விவாதத்தில் உருவெடுத்தது என்பதைத்தான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் தரவை எளிய அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறை மாதிரியை முன்வைத்தார். எதிர்முகாமில் இருந்தவர் சாதாரண ஆள் அல்லர். பதிவிலிருந்து பதிவுக்குச் சுட்டிகள் வழியே நடந்துபோகும் வலையமைப்பு முறையின் தந்தை சார்லஸ் பாக்மன், 1973இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது பெற்றவர். 1974இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் நடந்த மாநாட்டில் இரு தரப்பும் மேடையில் நேருக்கு நேர் வாதாடின. எந்த முறை கற்க எளிது, எது வேகமானது, நிரல் எழுதுபவர் தரவின் அமைப்பை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பவை எதுவும் அன்று ஒரு கணக்கு போட்டு முடித்துவிடக் கூடிய கேள்விகளாக இல்லை. பெர்க்லியிலும் சான் ஹொசேயிலும் மாதிரி அமைப்புகளைக் கட்டிக் காட்டிய பிறகே காட் பக்கம் காற்று திரும்பியது. அவருக்கும் 1981இல் டியூரிங் விருது வந்தது. இன்று மாணவர் முதல் வகுப்பில் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் அட்டவணை, அன்று வாதாடி நிலைநாட்டப்பட வேண்டியிருந்தது.

வடிவமைப்பில் இயந்திரம் எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்கத்தைக் கற்பிக்கும்போது பாடநூல்கள் விரும்பிக் காட்டும் சார்பு ஒன்று உண்டு: அஞ்சல் குறியீடு தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும், எனவே ஊரை முகவரி அட்டவணையிலிருந்து எடுத்துத் தனி அட்டவணையில் வை. இந்தச் சார்பை ஒப்புக்கொண்டுவிட்டால், அட்டவணை மூன்றாம் இயல்பு வடிவில் இருக்கிறதா என்று நிரலே சரிபார்த்துவிடும். ஆனால் சார்பு உண்மையா? 1972இல் வந்த நம் ஆறு இலக்கப் பின்கோடு அஞ்சல் நிலையத்தின் எல்லையைக் குறிப்பது. கிராமப்புறத்தில் ஒரே பின்கோட்டின் கீழ்ப் பல ஊர்கள் வரும். பாடநூலின் விதியை அப்படியே நம்பி வடிவமைத்தால் பக்கத்து ஊர்க்காரரின் கடிதம் உங்கள் ஊருக்கு வரும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பத்திகள் வைக்கும் வழக்கமும் இப்படித்தான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற பத்தியில் எதை நிரப்புவது? இந்த மறுப்புகளை எந்தத் திருத்தும் நிரலும் எழுப்பாது. வேறு ஊரில், வேறு வழக்கத்தில் வாழும் ஒரு சக மாணவர்தான் எழுப்புவார். தரவுத்தள வகுப்பில் விவாதம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

ஆனால் வரலாற்றில் இந்த வகுப்பின் பேச்சு பெரும்பாலும் முதல் பாதியின் பக்கமே சாய்ந்தது. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 1979இல் திட்டமிட்ட யூஸ்நெட் வலையில் தரவுத்தளங்களுக்கென்று தனிக் குழுக்கள் இருந்தன; 2008இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எஸ்.க்யூ.எல். கேள்விகள் குவிந்தன. இரண்டு இடங்களிலும் வீட்டுப்பாடத்தை அப்படியே ஒட்டிவிட்டு விடை கேட்கும் மாணவரை யாருக்கும் பிடிக்காது. நீ எதுவரை முயன்றாய், எந்தப் பிழை வந்தது, அதைக் காட்டு என்பார்கள். கடுமையான வழக்கம்தான். ஆனாலும் அது விவாதத்தின் முதல் நிபந்தனையைக் காப்பாற்றியது: கேட்பவருக்கு உண்மையிலேயே ஒரு கேள்வி இருக்க வேண்டும். வடிவமைப்பு பற்றிக் கேட்டால் அங்கேயும் சங்கடம்தான். அபிப்பிராயத்தைப் பொறுத்த கேள்வி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மூடிவிடும். ஒரே சரியான விடை உள்ள கேள்விகளுக்காகவே அது கட்டப்பட்டது என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

எண்ணிக்கை உள்ளே நுழைந்தது 1990களின் பிற்பாதியில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆசிரியராக இருந்த முர்ரே கோல்ட்பர்க் 1995 வாக்கில் வெப்சிடி என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 1997இல் பிளாக்போர்டு நிறுவனம் தோன்றியது. 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மார்ட்டின் டூகியாமாஸ் மூடுலை வெளியிட்டார். பாடக்குறிப்பு, தேர்வு, மதிப்பெண் ஏடு, விவாதப் பலகை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. அந்தக் கூரையின் அடியில் இருந்தது ஒரு தரவுத்தளம். விவாதம் என்பது அதில் ஓர் அட்டவணை: பதிவு எண், எழுதியவர் எண், நேரம், எந்தப் பதிவுக்கு மறுமொழி என்று காட்டும் தாய்ப் பதிவின் எண், எழுத்து. தரவுத்தளம் பற்றி விவாதிக்கும் மாணவர் தானும் ஒரு தரவுத்தளத்தில் வரிசை வரிசையாகச் சேர்ந்துகொண்டிருக்கிறார் என்பது இந்தப் பாடத்துக்கு மட்டுமே உரிய வேடிக்கை. மாணவர் வாரியாக எத்தனை பதிவு என்று கேட்கும் வினவலை முதல் மாதம் படித்தவரே ஒரு வரியில் எழுதிவிடுவார்: எழுதியவர் எண்ணின்படி குழுவாக்கு, குழுவை எண்ணு. யாருடைய மறுப்பு வகுப்பின் மனத்தை மாற்றியது என்று கேட்க அந்த அட்டவணையில் பத்தி கிடையாது. ஒவ்வொரு மாணவரும் எத்தனை படித்தார், எத்தனை எழுதினார் என்ற பட்டியலை வெப்சிடி அன்றே ஆசிரியருக்குக் காட்டியது. எளிதாகக் கிடைத்த எண்ணை ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது பேர் பதிவுகளைப் படித்துத் தரம் பிரிக்க நேரமில்லாத ஒப்பந்த ஆசிரியரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி அதைத்தான் செய்யத் தெரிந்தது.

கருவி பாதி, சட்டம் பாதி. அமெரிக்காவில் மாணவருக்கு அரசு நிதியுதவி முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், படிப்பு அஞ்சல்வழிக் கல்வியாக இருக்கக் கூடாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் முறையான, பொருளுள்ள ஊடாட்டம் இருக்க வேண்டும். மாணவர் எந்த நாள்வரை வகுப்பில் இருந்தார் என்பதற்கும் சான்று வேண்டும். பாதியில் விலகினால் உதவித்தொகையில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கணக்கிட அதுதான் அடிப்படை. வெறுமனே உள்நுழைவது வருகை ஆகாது என்றும், பாடம் பற்றிய இணைய விவாதத்தில் பங்கேற்பது வருகையாகும் என்றும் கூட்டாட்சி அரசின் விதிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவு இதை எப்படிப் படிக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. வாரம் ஒரு பதிவு கட்டாயம் என்றால் வாரம் ஒரு வருகைச் சான்று கையில் இருக்கும். ஆசிரியர் ஊடாட்டம் போதவில்லை என்று சொல்லி வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் 71 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என 2017இல் கல்வித் துறையின் தணிக்கைப் பிரிவு பரிந்துரைத்தது. 2019இல் கல்வித் துறை அதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தத் தொகையைக் கேள்விப்பட்ட எந்த நிர்வாகியும் விவாதப் பலகையைக் கற்பிக்கும் கருவியாக மட்டும் பார்த்திருக்க மாட்டார்.

எண்ணப்பட்ட பேச்சு எப்படி இருந்தது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணைய வகுப்பு உரையாடல்களைப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். சிந்தனை நான்கு படிகளில் போகிறது என்றார்கள்: சிக்கல் எழுவது, கருத்துகளைத் தேடிக் குவிப்பது, அவற்றை இணைப்பது, தீர்வு காண்பது. அவர்கள் எடுத்துக்கொண்ட சிறிய மாதிரியில் மிகுதியான பதிவுகள் இரண்டாம் படியிலேயே நின்றன; தீர்வு வரை வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மதிப்பெண் விதிதான் இதற்குக் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படி நான் இழுத்துப் பொருத்தவும் இல்லை. ஆனால் 'ஒரு பதிவு, இரண்டு மறுமொழி' விதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படிகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். மூன்றாவது முறை எழுதியதும் மாணவரின் கடமை முடிந்துவிடுகிறது. தன் மறுமொழிக்கு வந்த மறுப்பை அவர் படிக்கவே வேண்டியதில்லை. இணைப்பதும் தீர்ப்பதும் நான்காவது, ஐந்தாவது முறை பேசும்போதுதான் நிகழும். விதி நிறுத்தும் இடமும் விவாதம் சூடுபிடிக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. தவிர, பின்கோடு பற்றிய மறுப்பை எழுத அரைமணி யோசிக்க வேண்டும். 'அருமையான பதிவு, முதன்மைத் திறவுகோல் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்' என்று எழுத அரை நிமிடம் போதும். இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே வரிசைதான்.

மதிப்பெண் இல்லாவிட்டால் யாருமே எழுத மாட்டார்கள் என்பது பழைய மறுப்பு. எளிதில் தள்ள முடியாததும்கூட. பங்கேற்பை மதிப்பீட்டோடு இணைக்கச் சொன்னவர்களில் முன்னோடிகளும் உண்டு. காலியான பலகையை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். இதற்கு மிகப் பெரிய எதிர்ச்சான்று ஒரு தரவுத்தள வகுப்பிலிருந்தே கிடைக்கிறது. 2011இன் இலையுதிர் பருவத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் மூன்று கணினிப் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் நடத்தியவர்கள் பின்னால் நிறுவனங்கள் தொடங்கி அதிகம் பேசப்பட்டார்கள். மூன்றாவது, ஜெனிஃபர் விடம் நடத்திய தரவுத்தள அறிமுகம். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் பதிந்தார்கள். ஏதாவதொரு பயிற்சியைச் செய்து சமர்ப்பித்தவர்கள் 25 ஆயிரம் அளவில். தேர்வுகள்வரை வந்து நிறைவுச் சான்று பெற்றவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம். எஸ்.க்யூ.எல்., உறவுமுறை இயற்கணிதம், எக்ஸ்.எம்.எல். வினவல் பயிற்சிகளை எல்லாம் நிரலே திருத்தியது. ஒரே ஆசிரியர் இத்தனை பேரின் ஐயங்களுக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. கேள்வி பதில் பலகையில் மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பலகையில் எழுதியதற்குச் சான்றிதழ்க் கணக்கில் இடம் இல்லாதபோதும் எழுதினார்கள். விடம் வாரந்தோறும் திரைமுன் உட்கார்ந்து பொதுப்படையாக ஓர் உரை ஆற்றினார். அறிவிப்பும் உற்சாகப்படுத்தலும் அதில் கலந்திருக்கும். இங்கே எழுதியது சிறுபான்மைதான். ஆனால் அவர்கள் எழுதியதைப் படித்துப் பயனடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும், ஒரே பிழை ஆயிரம் பேருக்கு வரும் என்பதால். 1988இல் மேசன் கண்ட நடுப் பங்கினர், எழுதாமல் படிப்பவர்கள், இந்த வகுப்பில் குறையாகத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் பதிவு என்ற ஏற்பாடே இருக்கிறது; 1973இல் வூலி எண்ணும் தேதியும் போட்டு அடுக்கியதும் அவர்களுக்காகத்தான்.

பெரிய வகுப்பில் நடப்பது சிறிய வகுப்பில் நடக்காது என்று சொல்லலாம். 60 ஆயிரத்தில் ஒரு விழுக்காடு எழுதினால் 600 பேர். 30 பேர் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கே எழுதினாலும் பத்துப் பேர்தான். இது நியாயமான மறுப்பு. இதற்கான பதில் கூச்சத்தில் இருக்கிறது. ஐ.ஐ.டி. கான்பூரில் கணினி அறிவியல் படித்த பூஜா நாத், ஆண்கள் நிறைந்த வகுப்பில் பெண்களுக்குச் சந்தேகம் கேட்கத் தயக்கம் இருந்ததைப் பின்னால் சொல்லியிருக்கிறார். அவர் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது 2009இல் தொடங்கிய பியாட்சா, பெயர் மறைத்துக் கேட்கும் வசதியைத் தந்தது. கேள்விக்கு மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து திருத்தி எழுதும் பதில் ஒன்று, ஆசிரியர் பதில் ஒன்று, அவ்வளவுதான். அமெரிக்கக் கணினித் துறைகளில் இது வேகமாகப் பரவியது. மாணவர் எழுதாததற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல, தெரியாதவர் என்று பெயர் எடுக்கும் அச்சமும் காரணம் என்று இதிலிருந்து தெரிகிறது. அச்சத்துக்கு மருந்து மதிப்பெண் அல்ல. ஆனாலும் பியாட்சாவின் அமைப்பு இன்னொன்றையும் காட்டிவிடுகிறது: கேள்விக்கு ஒரு பதில் என்பது வினவல் பாதிக்குப் பொருந்தும். வடிவமைப்புக் கேள்விக்கு இரண்டு நல்ல பதில்கள் இருக்கலாம், ஒன்றோடொன்று மோதலாம். அவற்றை ஒரே பதிலாகச் சேர்த்துத் திருத்தினால் சண்டை மறைந்து பாடமும் மறைந்துவிடும்.

நம் நாட்டு அனுபவம் வேறு கோணம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டம் முதலில் பாடங்களைப் பதிவுசெய்து வெளியிடுவதோடு நின்றது. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன; தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் அவற்றுக்குப் பெரும் வரவேற்பு. தரவுத்தளப் பாடமும் அவற்றில் உண்டு. இங்கே வாராந்தரப் பயிற்சிக்கு 25 விழுக்காடு, மேற்பார்வையில் நடக்கும் தேர்வுக்கு 75 விழுக்காடு. விவாதத்துக்கு எதுவும் இல்லை. ஆகவே விதி ஒழிந்தால் விவாதம் தானே செழிக்கும் என்று நம்புபவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பயிற்சிக் கெடுவை நீட்டிக்கச் சொல்வதும் விடைக் குறிப்பில் பிழை என்று முறையிடுவதும் அந்தப் பலகைகளில் நிறையவே இருக்கும் என்பது அப்படிப் படித்தவர்களுக்குத் தெரியும். பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அவற்றைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் மட்டும் விவாதம் வந்துவிடாது. விவாதிக்கத்தக்க கேள்வியை ஆசிரியர் வைக்க வேண்டும். இதை மறுத்து நான் வாதிட்டால், இந்தக் கட்டுரையின் வாதம் பாதியில் நிற்கும்.

எண்ணும் வழக்கத்துக்குக் கடைசி அடியை இயந்திரமே கொடுத்தது. 2016இல் ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் நடத்திய இணையவழிச் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் 300 பேர் அளவில் மாணவர்கள். ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10 ஆயிரம் செய்திகள். துணை ஆசிரியர்கள் திணறவே, பழைய பருவங்களின் கேள்வி பதில்களைக் கொண்டு பழக்கிய ஜில் வாட்சன் என்ற நிரலும் பதில் சொல்லத் தொடங்கியது. அது மனிதர் அல்ல என்று பருவத்தின் இறுதியில்தான் மாணவர்களுக்குச் சொன்னார்கள். ஜில் வாட்சனால் சொல்ல முடிந்தது, முன்பே கேட்கப்பட்டுப் பதில் தெரிந்த கேள்விகளுக்கு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. தவறான எஸ்.க்யூ.எல். வரியைக் காட்டினால் இயந்திரம் திருத்திக் கொடுக்கிறது. வினவல் பாதிக்கு இனிச் சக மாணவர் தேவையில்லை என்று சொல்லுமளவுக்கு. வாரத்துக்கு ஒரு பதிவையும் இரண்டு மறுமொழியையும் மேற்கோளோடு எழுதித் தருவதும் அதே இயந்திரம். எண்ணிக்கையை நம்பிய வருகைப் பதிவேடு இப்போது யாருடைய வருகையைக் காட்டுகிறது என்று தெரியவில்லை.

வடிவமைப்பையும் அதே இயந்திரம் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். சொல்லும், ஒழுங்காகவும் சொல்லும். பாடநூல்களில் படித்த முதல் பெயரும் குடும்பப் பெயரும் அந்த ஒழுங்கில் அப்படியே வந்து உட்காரும். அதை அசைக்க, அந்தப் பத்தியை நிரப்ப முடியாத ஒருவர் வகுப்பில் வேண்டும். அதனால் தரவுத்தளப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம். வாரந்தோறும் கேள்வி வேண்டாம். பருவத்துக்கு மூன்று போதும். ஒவ்வொன்றும் மாணவர் தன் ஊரில் பார்த்த ஒன்றாக இருக்கட்டும்: ரேஷன் கடைக் குடும்ப அட்டை, ஊராட்சியின் குடிநீர்க் கணக்கு, பேருந்து நிறுத்தப் பட்டியல் போல. ஒருவர் அட்டவணைகளை வரைந்து வைக்கட்டும். அவை எங்கே உடையும் என்று காட்டுவது மற்றவர்கள் வேலை. உடைந்ததைச் சரிசெய்து, ஏன் மாற்றினேன் என்று வரைந்தவர் எழுதட்டும். மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கடைசி வரைபடத்துக்குக் கொடுங்கள். எழுதாமல் படித்துக்கொண்டிருந்த மாணவரை விட்டுவிடுங்கள். அவரும் தேர்வு எழுதத்தான் போகிறார்.